குட்டியாண்டவர் ஏறின மண்

இதை எழுத வேண்டும் என்று முதல் தடவை நோட்டு வாங்கியபோது என் மகளுக்கு மூணு வயசு. அந்த நோட்டு முழுக்க அவள் படகும் சூரியனும் வரைந்து தீர்த்துவிட்டாள். நான் ஒரு வரி எழுதவில்லை. அப்புறம் ரெண்டு நோட்டு வாங்கினேன். ஒன்றை மழைத்தண்ணி கொண்டுபோனது. இன்னொன்று சாமி படத்துக்குப் பின்னால் சும்மா கிடந்தது. இப்போது அவளுக்கு ஒன்பது வயசு முடியப்போகிறது.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவன் நான், கோர்வையாக எழுத வராது. அது ஒரு காரணம். சாமி சம்பந்தப்பட்ட விஷயம், ஏதாவது தப்பாக வந்துவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்கிற பயம் இன்னொரு காரணம். ஆனால் பெரிய காரணம் வெட்கம்தான். எங்கள் குப்பத்தில் நடந்துபோன ஒரு நஷ்டத்துக்கு எல்லாரும் யார் யாரையோ கைகாட்டுகிறார்கள். நானும் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்த வரிசையில் நானும் நிற்க வேண்டியவன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுடையது எண்ணூர்ப் பக்கம், ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிற மீனவக் குப்பம். எனக்குச் சொந்தமாக ஒரு பைபர் படகு. என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், என்னோடு தொழிலுக்கு வருவான்.

கடலாமையை எங்கள் ஆட்கள் ஆமை என்று சொல்வதில்லை. குட்டியாண்டவர் என்போம். எங்களுக்கு அவர் சாமி. வலையில் ஏறிவிட்டால், வலை எவ்வளவு புதுசாக இருந்தாலும் அறுத்து விட்டுவிடுவோம். விடுவதற்கு முன்னால் ஓட்டின் முன்பக்கம் மஞ்சள் தடவி, "தெரியாம பண்ட்டோம் ஆண்டவரே, மனசுல வெச்சுக்காத" என்று சொல்லி அனுப்புவோம். அதற்கென்றே ஒவ்வொரு படகிலும் ஒரு சின்ன டப்பாவில் மஞ்சள் இருக்கும். என் படகில் இஞ்சின் ஸ்பானர் வைக்கிற பெட்டியில் இருக்கும்.

தை மாசத்திலிருந்து பங்குனி வரைக்கும் பெண் ஆண்டவர்கள் கரை ஏறி மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போவார்கள். நேரில் பார்த்தவர்கள் எங்களிலேயே குறைவு. விடிகாலையில் தொழிலுக்கு இறங்கும்போது தடத்தைத்தான் பார்ப்போம். சின்ன டிராக்டர் ஏறிப்போன மாதிரி ரெண்டு பக்கமும் துடுப்பு இழுத்த கோடு, நடுவில் வயிறு இழுபட்ட வழவழப்பு. கடலிலிருந்து மேலே ஒரு தடம், மேலேயிருந்து கடலுக்கு ஒரு தடம். ரெண்டும் சேருகிற இடத்தில் மண் கலைந்து கிடக்கும். அங்கே முட்டை. எங்கள் வீட்டுப் பெண்கள் அதைச் சுற்றிக் கோலமாவு தூவி, நாய் தோண்டாமல் இருக்க ஒரு பழைய மீன் கூடையைக் கவிழ்த்து மேலே கல் வைத்துவிட்டு வருவார்கள். நாற்பத்தைந்து, ஐம்பது நாள் ஆனதும் ஒரு காலையில் கூடைக்குள் குஞ்சுகள் குவிந்து கிடக்கும். கூடையைத் தூக்கிவிட்டால் கடலைப் பார்த்து ஓடும். கூட்டம் கூடி நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

கடல் ஊரைத் தின்ன ஆரம்பித்த பிறகு கரை நெடுகப் பாறாங்கல் கொட்டினார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கல் வராமல் இருந்திருந்தால் என் வீடு இருந்திருக்காது. ஆனால் கல் விழுந்த இடத்தில் மணல் இல்லை. வடக்கே கல், தெற்கே கல், நடுவில் நாங்கள் படகு ஏற்றுவதற்காக விட்ட ஒரு திறப்பு மட்டும் மண்ணாக இருந்தது. அஞ்சு பைபர் படகைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் அடைந்துபோகிற அகலம்தான். அதன் மேல்பக்கம், அலை தொடாத உயரத்தில், அடப்பங்கொடி படர்ந்த காய்ந்த மண் கொஞ்சம். கல் வந்தபிறகு குட்டியாண்டவருக்குத் தெரிந்த வழியும் எங்களுக்குத் தெரிந்த வழியும் அது ஒன்றுதான். வருஷத்துக்கு நாலு தடம் விழுந்த வருஷமும் உண்டு, ரெண்டே தடம் விழுந்த வருஷமும் உண்டு. எல்லாம் அந்தக் கொடிக்குப் பக்கத்தில்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என் மனைவிக்கு ரெண்டு தடவை கரு கலைந்துபோனது. மூணாவது தடவை அஞ்சாம் மாசம் வரைக்கும் வந்திருந்தாள். அது மாசி மாசம். மாசியில் முகத்துவாரத்துக்குக் கிட்டத்தில் திருக்கை வலை விடக்கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. பெரிய கண் வைத்த வலை அது. கடல் தரையில் நிற்கும். இன்று விட்டால் நாளைக்குப் போய் எடுப்போம். மீனுக்குத் தண்ணிக்குள் மூச்சு உண்டு. குட்டியாண்டவருக்கு இல்லை, மேலே வந்துதான் மூச்சு விட வேண்டும். திருக்கை வலையில் மாட்டினால் மேலே வர முடியாது.

தெரிந்துதான் விட்டேன். மனைவியை அந்த நிலைமையில் வைத்துக்கொண்டு தூரக் கடலுக்குப் போக மனசு வரவில்லை.

"மாமா, இன்னா மாசம் இது?" என்றான் மச்சான்.

"தெரியும்டா. நாளிக்கு வெள்ளன வந்து எடுத்துடலாம்."

"ஆண்டவர் நாளிக்கு வெள்ளன வரைக்கும் வெய்ட் பண்ணுவாராமா?"

"வாய வெச்சுகினு சும்மா வலைய வுடு மச்சான்."

அன்றைக்குச் சாயங்காலமே மனைவிக்கு ரத்தம் போனது. ஆட்டோவில் ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். படுக்கையில் கிடக்க வேண்டும், ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார்கள். ரெண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தேன். வலையின் நினைப்பே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. மச்சான் தனியாக எடுக்க முடியாது என்றும் தெரியும். மூணாம் நாள் காலையில் கொஞ்சம் பரவாயில்லை என்று டாக்டரம்மா சொன்னதும் நேராகக் கடலுக்கு வந்தேன்.

வலையை வலிக்கும்போதே கனம் தெரிந்தது. மீன் கனம் உதறும். இது உதறவில்லை.

மேலே கொண்டுவந்து புரட்டினோம். கழுத்தில் வலை சுற்றியிருந்தது. அடிப்பக்கம், வாலுக்குக் கீழே, ஒரு முட்டை பாதி வெளியே வந்து நின்றிருந்தது. வெள்ளையாக, இன்னும் மெத்தென்று. மச்சான் டப்பாவைத் திறந்து இருந்த மஞ்சளையெல்லாம் ஓட்டின்மேல் பூசினான். 

படகிலேயே விழுந்து கும்பிட்டேன். என்னென்னவோ சொன்னேன். கடைசியில் சொன்னது மட்டும் இன்றைக்கும் வரிக்கு வரி நினைவில் இருக்கிறது. "உன் வயித்தில் கீறத நான் எடுத்துட்டேன். என் வூட்டுக்காரி வயித்தில் கீறத நீ எடுத்துடாத. அத்த எனக்குக் குடுத்துட்டா, நீ ஏறுற எடத்துலயே உனக்கு மேடை கட்டி விளக்கு வெக்கிறேன்."

குட்டியாண்டவர் செத்தால் எங்களுக்கு மனுஷன் செத்த மாதிரி. கோடித்துணி போர்த்தி, பால் ஊற்றி, சூடம் காட்டி மண்ணில் புதைப்போம். அந்தத் திறப்பில்தான் புதைத்தோம். கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்று மச்சான் ஊருக்குச் சொன்னான். இன்று வரைக்கும் அவன் வேறு மாதிரி சொன்னதில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காதவன் அவன். அதற்காக அவனைக் கோபிப்பதா கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

குழந்தை எட்டாம் மாசமே பிறந்தது. பெண். கையளவு. பிழைக்காது என்று பக்கத்துக் கட்டில்காரி முகத்துக்கு நேராகச் சொன்னாள். பிழைத்தது.

மொட்டை அடித்து காது குத்தி முடித்த கையோடு மேடை வேலையை ஆரம்பித்தேன். எங்கே கட்டுவது என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவர் ஏறுகிற இடம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஏறுகிற இடம் எனக்குத் தெரியும். ஊரே வந்து கை கொடுத்தது. கலீஜாக இருக்கிறது என்று அடப்பங்கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டோம். மண்ணைத் திம்சு போட்டு இறுக்கினோம். நடுவில் மேடை, சுற்றிலும் பெண்கள் நின்று பொங்கல் வைக்க வசதியாக அகலமாக சிமெண்டுத் தரை. மேடைமேல் வைக்க சிமெண்டில் ஒரு குட்டியாண்டவர். கொத்தனார் உள்நாட்டு ஆள், கடலாமையைப் பார்த்ததே இல்லை போல. துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் விரல் நகமெல்லாம் வைத்து நாலு கால் செய்து பச்சைப் பெயிண்டும் அடித்துவிட்டான்.

"இன்னா மாமா, ஆண்டவருக்கு நாய்க்கால் வெச்சிக்கீறான்?" என்றான் மச்சான்.

"இருந்துட்டுப் போவுது. கால் இருந்தா சீக்கிரம் நடந்து வருவாரு" என்றார் நாட்டார். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர் அவர்.

எல்லாரும் சிரித்தோம். நாட்டார் தன் பங்குக்கு ஒரு போகஸ் லைட் வாங்கி மாட்டினார். கார்த்திகை மாசத்தில் முதல் விளக்கு. என் மனைவி குழந்தையை மேடையில் கிடத்தி எடுத்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இருந்ததில்லை.

அடுத்த மாசி வந்தது. ஒரு விடிகாலை, படகைத் தள்ளப் போன ஆட்கள் கூச்சல் போட்டார்கள். ஓடினேன். கடலிலிருந்து தடம் நேராக மேடைக்கு வந்திருந்தது. சிமெண்டுத் தரைமேல் ஏறியிருந்தது. ஈரம் காய்ந்து உப்புக் கோடாக நின்றது. மேடையை ஒட்டி ஒரு பக்கமாகப் போய், பின்பக்கம் சுற்றி, அடுத்த பக்கமாக வந்து, திரும்பக் கடலுக்கு இறங்கியிருந்தது.

"சுத்திட்டுப் போய்க்கீறாருடா!" என்று நாட்டார் கத்தினார். "தன் மேடைய தானே வந்து பிரதட்சணம் பண்ட்டுப் போய்க்கீறாரு!"

பெண்கள் குலவை போட்டார்கள். அங்கேயே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்தார்கள். எனக்கு மாலை போட்டார்கள். காசிமேட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனது. மாலையோடு நின்றுகொண்டு நான் தரையைப் பார்த்தேன். எங்கேயும் மண் கலைந்திருக்கவில்லை. சிமெண்டில் மட்டும், மேடையின் பின்பக்கம், பழைய கொடி இருந்த இடத்துக்கு நேராக, நாலைந்து கீறல். பின்துடுப்பால் தோண்டிப் பார்த்த கீறல். ஒரு இடத்தில் ரத்தம் மாதிரி பழுப்பாக ஒரு தீற்றல்.

மச்சானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். 

மறுநாளும் தடம். அதற்கு மறுநாளும். மூணு நாளும் அதே சுற்று, மூணு நாளும் பொங்கல். நாலாம் நாள் வரவில்லை.

இதை எழுதும்போது என் முட்டாள்தனம் எனக்கே தாங்கவில்லை. நான் தெரியாதவன் இல்லை. ஆற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து படிந்து சேறு இறுகிப்போனபோது, "எறாலு எங்கயும் போவல சார், எறாலோட வூடு போச்சு" என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று கத்தினவர்களில் நானும் ஒருத்தன். அலையாத்திச் செடியின் வேருக்குள்ளேதான் குஞ்சு தங்கும், செடியை வெட்டினால் வலைக்கு ஒன்றும் வராது என்று அதிகாரிகளுக்கு விளக்கமாகச் சொன்னவன். இறால் விஷயத்தில் புரிந்தது எனக்கு என் சாமி விஷயத்தில் புரியவில்லை. சாமிக்கு வீடு கட்டுகிறேன் என்று நினைத்தேன். அவருடைய வீடு அந்தக் கொடியும் மண்ணும்தான் என்பது, அதைத் திம்சு போட்டு இறுக்கும்போது என் கைக்குத் தெரியவில்லை.

மனைவியிடம் சொன்னேன். மேடையை உடைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி, தெருப்பக்கம் கட்டிவிடலாம் என்றேன். அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"இன்னாய்யா பேசற நீ?"

"அவரு வந்து எடம் இல்லாம திரும்பிப் போறாரும்மே."

"நேர்ந்துகினு கட்டினத ஒடைப்பியா? எதுக்கு நேர்ந்துகின? இதுக்குத்தானே?" குழந்தையைக் காட்டினாள். "குடுத்தவரு திருப்பி எடுத்துகினா இன்னா பண்ணுவ? உன் கடப்பாரைய அப்ப எங்க கொண்டு போய்க் குத்துவ?"

 அவள் பயம் எனக்குள்ளும் இருந்தது. அவர் என் வலையில்தான் செத்தார் என்று அவளுக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் என் பயம் அவள் பயத்தைவிடப் பெரியது.

இருந்தாலும் ஒரு வாரம் கழித்து, யாரும் எழுந்திருக்காத விடியலில் கடப்பாரையோடு போனேன். கும்பிட்டுவிட்டு, பின்பக்கம் கீறல் இருந்த மூலையில் போட்டேன். ஒரு முறம் அளவுக்குப் பெயர்ந்தது. அடியில் மண் ஈரமாக, கறுப்பாக இருந்தது. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அலறிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு மூச்சு இழுத்தது. விலாவெல்லாம் உள்ளே ஒட்டிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை பிடித்தபிறகுதான் சரியானது. வீசிங் என்றார்கள். நம் பக்கத்தில் இந்தத் தூசியில் பாதிப் பிள்ளைகளுக்கு இருக்கிறது என்றார்கள்.

அது காதில் விழுந்தது. மனசில் ஏறவில்லை. சாயங்காலமே சிமெண்டு குழைத்து அந்த மூலையை நானே பூசி மூடினேன். பூசின இடம் கொஞ்சம் வேறு நிறம். இன்றைக்கும் தனியாகத் தெரியும்.

அப்புறம் வந்த வருஷங்களில் தடம் குறைந்தது. ஒரு வருஷம் ஒருத்தர் மேலே ஏறாமல் கீழே படகுகளுக்கு நடுவில் முட்டையிட்டார். கூடை கவிழ்க்க அங்கே இடமில்லை, படகு இழுக்கிற வழி. பிள்ளைகள் செங்கல் நட்டு வைத்தார்கள். குஞ்சு வெளியே வந்த காலையில் ஒன்றுகூடக் கடலுக்குப் போயிருக்கவில்லை. எல்லாம் கடல் வெளிச்சம் என்று ஏமாந்து போகஸ் லைட்டுக்கு அடியில், மேடையைச் சுற்றி, எறும்பு மொய்த்துக் கிடந்தன. பாதியைக் காக்கா கொத்தியிருந்தது. நாட்டாரிடம் போய், இந்த மூணு மாசம் லைட்டை அணைத்து வைக்கலாம் நைனா என்றேன்.

"மேடை கட்டினவனே இருட்டாக்கச் சொல்றியா?" என்று சிரித்தார். "அதுங்க வெளிச்சத்தப் பாத்து ஆண்டவரக் கும்பிட வந்துச்சுங்கடா. குட்டிங்களுக்குக்கூட பக்தி கீது, உனுக்கு இன்னா வந்துச்சு?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் நம்பினதை நம்பினார். உண்மையைச் சொல்ல வேண்டிய வாய் என்னுடையது.

அடுத்து வந்த புயல் மழையில் கடல் அந்தத் திறப்பு வழியாக ஏறி மேடைக்கு அடியிலிருந்து மண்ணை இழுத்தது. தரை ஒரு பக்கம் சாய்ந்தது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். கோயிலைக் காப்பாற்ற திறப்பையும் கல் போட்டு மூட வேண்டும், படகுகளை ஆற்றுப் பக்கம் மாற்றிக்கொள்ளலாம் என்று மனு எழுதினார்கள். நாட்டார் எழுந்து, "மொதல் கையெழுத்து மேடை கட்டினவன் போடட்டும்" என்றார். பேனாவை என் கையில் கொடுத்தார்கள். எதிரில் என் மனைவி மகளோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்த நேரம் நினைவுக்கு வந்தது மகளின் விலா உள்ளே ஒட்டிப்போனதுதான்.

போட்டேன்.

மச்சான் அன்றைக்குத்தான் என்னோடு முதல் தடவை கோபமாகப் பேசினான். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்து, "வலைல ஒருத்தரப் போட்டோம். இப்ப எல்லாரையும் போட்டாச்சு" என்றான். ரெண்டு மாசம் வேறு படகில் போனான்.

கல் வந்தது. முதல் லாரிக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தோம். நாலு நாளில் திறப்பு இருந்த இடமே தெரியவில்லை. மேடை பத்திரமாக இருக்கிறது. இன்னும் இருக்கும். அதற்கு முன்னால் மண் என்று ஒரு கைப்பிடி இல்லை.

ரெண்டு மாசியில் ஒரு தடமும் விழவில்லை. கல்லில் தடம் எங்கே விழும். வரவில்லை என்றுதான் நினைத்தோம். போன மாசியில், காலை நேரம், கல் இடுக்கிலிருந்து நாற்றம் வருகிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள். நானும் மச்சானும் இறங்கிப் பார்த்தோம். ரெண்டு பாறைக்கு நடுவில் தலைகீழாக விழுந்து மாட்டியிருந்தார். மேலே ஏறப் பார்த்திருக்கிறார். துடுப்பு ரெண்டும் தேய்ந்து சதை தெரிந்தது. கல்லின்மேல் முட்டைகள் உடைந்து வழிந்து காய்ந்திருந்தன. இடுக்கில் கொஞ்சம் உடையாமல் கிடந்தன. வேறு இடுக்கில் இதற்கு முன்னால் யார் யார் கிடந்தார்களோ, அலை கொண்டு போயிருக்கும். அதை நினைக்கவே முடியவில்லை.

தெற்கே கரையோரம் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைக்கிற காலேஜ் பிள்ளைகள் இருக்கிறார்கள். போன் பண்ணினோம். ஒரு பெண் வந்தாள். முட்டைகளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது இனிமே பொரிக்காதுண்ணே. வெயில்ல வெந்துடுச்சு."

"இம்மாம் பெரிய கல்லக் கண்டும் ஏம்மா இங்க வரணும்? வேற கரைக்குப் போவக்கூடாதா?" என்று மச்சான் கேட்டான்.

"பொறந்த கரைப் பக்கமே தேடி வரும்ணே, எத்தனை வருஷம் ஆனாலும். இது சின்ன வயசு ஆமைதான், இப்பதான் முட்டை போட ஆரம்பிச்சிருக்கும். பதினஞ்சு வருஷம் முன்னாடி இங்கதான் எங்கயாவது பொரிச்சிருக்கலாம்."

பதினைந்து வருஷம் முன்னால் அந்த மண்ணில் கூடை கவிழ்த்தவள் என் மனைவி. கல்யாணமான புதுசு. அவளும் மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

புதைக்க வேண்டும். கோடித்துணி வந்தது, பால் வந்தது, சூடம் வந்தது. மண்வெட்டியோடு நாலு பேர் வந்தார்கள். நாட்டாருக்கு வயசாகிவிட்டது. தடியை ஊன்றிக்கொண்டு, "எங்கடா குழி எடுக்கறது?" என்றார்.

 எல்லாரும் கீழே பார்த்தார்கள். கல், சிமெண்டு, அதற்கப்புறம் தார் ரோடு. குட்டியாண்டவரைப் புதைக்க ஆறடி மண் கிடையாது எங்கள் கரையில். அதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது.

கடைசியில் மீன்பாடி வண்டியில் வைத்து, சுடுகாட்டுக்கு மிதித்துக்கொண்டு போனோம். வண்டிக்குப் பின்னால் என் மகள் மஞ்சள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கம்பெனி லாரிகள் ஆரன் அடித்தன. மனுஷர்களுக்கு நடுவில் அவரைப் புதைத்தோம். கடல் சத்தம் கேட்காத இடம்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலை, ஒதுங்கினது என்று சொன்ன பொய், படகில் விழுந்து என்ன சொல்லி நேர்ந்தேன் என்பது. 

"அன்னிக்கே சொல்லிருந்தா நானே கடப்பாரை எடுத்துருப்பனோ இன்னாவோ" என்றாள். அப்புறம், "இல்ல, எடுத்துருக்க மாட்டேன்" என்றாள். அப்புறம் அழுதாள். "இப்ப ஒடைச்சுடுய்யா."

"இப்ப ஒடைச்சு இன்னாம்மே? முன்னால கல்லு கீதே."

மகள் நன்றாக இருக்கிறாள். வீசிங் வந்து போகிறது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் சிமெண்டு பூசின ஒரு மூலை எப்போதும் வேறு நிறத்தில் தெரிகிறது. சாமி அவளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று நான் நினைத்தேனே, வயிற்றில் முட்டையோடு கரை ஏறத் தவிக்கிற ஒரு தாய் இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் கேட்குமா? அதைக்கூட யோசிக்காமல்தான் அவ்வளவு வருஷம் விளக்கேற்றியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை இப்போதும் கும்பிடுகிறேன். மேடையைப் பார்த்து இல்லை. கல்மேல் ஏறி நின்று, கடலைப் பார்த்து. என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா நிற்பேன்.

எழுது, நம்மை விட்டுவிட்டு மட்டும் எழுதாதே என்று மனைவி சொன்னாள். அதனால் எழுதிவிட்டேன்.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நாலு பேருக்கு இதைச் சொல்லுங்கள், முக்கியமாகக் கரையில் மேடை கட்ட நேர்ந்துகொண்டிருக்கிறவர்களுக்கு. ஆனால் நான் எழுதினபடியே சொல்லுங்கள். கல் போட்டவர்கள் கதையாக ஆக்கி என்னை விட்டுவிடாதீர்கள். தெரியாமல் செய்தான் பாவம் என்று எனக்காக ஒரு வரி சேர்க்காதீர்கள், வலை விட்ட அன்றைக்கு எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க்காரர்களைக் கேலி பண்ணவும் வேண்டாம், அவர்கள் அன்போடுதான் மண் சுமந்தார்கள். கடைசியில் கல்லை எடுத்தார்கள், ஆண்டவர் திரும்பி வந்தார் என்று கேட்பவர் மனசு ஆறுவதற்காக முடிவை மாற்றிவிடாதீர்கள். கல் அப்படியேதான் இருக்கிறது. அவர் வரவில்லை.